ஐந்தாம் வகுப்புக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் தம் கையால் கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பும் நீல மையில் மற்றதும் எழுதியது. எந்த வகுப்புக்கு என்ன பாடம் என்பது அதில் கட்டம் கட்டமாக இருக்கும். முதல் வகுப்புக் கட்டத்தில் மணலில் எழுத்து, நூறு வரை எண்ணுதல், கை கால் கழுவுதல். அடுத்ததில் வாசிப்பும் கூட்டல் கழித்தலும். மூன்றாவதில் வாய்ப்பாடும் தாலுகாவின் பூகோளமும். நான்காவதில் பின்னக் கணக்கு, சேலம் ஜில்லாவின் பூகோளம், ராஜாக்களின் சரித்திரம், சுகாதாரம், தோட்டவேலை. அதற்கு அப்பாலும் ஒரு கட்டம் இருந்தது. 'ஐந்தாம் வகுப்பு' என்று சிவப்பு மையில் தலைப்பு மட்டும் இருக்கும். கீழே ஒன்றும் இருக்காது. எங்கள் பள்ளிக்கு நாலு வகுப்புக்குத்தான் அனுமதி. ஐந்தாவது வந்தால் எழுதிக்கொள்ளலாம் என்று வாத்தியார் இடம் விட்டு வைத்திருந்தார். பல வருஷமாக அந்த இடத்தில் பல்லிதான் படுத்துக் கிடந்தது.

அப்பாவுக்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஒருநாள் என்னைக் கூட்டிப் போக வந்தவர், எருது ஓட்டும் தார்க்குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்த அட்டையின் முன்னால் நின்றார். முதலிலிருந்து படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அந்தக் கடேசிக் கட்டத்துல என்ன போட்டிருக்குது, சாமி?"

"ஒண்ணுமில்லீங்கப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கா மெனக்கெட்டுக் கோடு போட்டிருக்காரு?"

  அந்தக் காலிக் கட்டம் அன்றைக்கே அவர் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று இப்போது நினைக்கிறேன்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். அப்பாவுக்குக் காடு என்று கொஞ்சம் மேட்டுநிலம், ஒரு ஜோடி எருது, கிணற்றில் பாதிப் பங்கு. மற்றப் பாதி அவருடைய அண்ணனுக்கு, அதாவது என் பெரியப்பாவுக்கு. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. எங்கள் முறையன்று மாலையில் பள்ளி விட்டதும் நான் நேரே கிணற்றடிக்குப் போவேன். கவலை இறைக்கும் எருதுகள் சரிவான வாரியில் இறங்கி ஏற, தோல் சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். எருது இழுக்கும் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்தபடியே அப்பா கேட்பார்: "இன்னைக்கு என்ன பாடம்?" நான் சொல்வதை அவர் அப்படியே திருப்பிச் சொல்வார். எருதுகளுக்குத்தான் சொல்வது போல இருக்கும். "மேக்கால கோயமுத்தூர் ஜில்லா, வடக்கால மைசூர் ராஜ்யம், ஹை, ஹை, திரும்பு" என்பார். பதினாறாம் வாய்ப்பாட்டில் நான் தடுமாறினால் அவர் திருத்துவார். நாலாம் வகுப்பு வரைக்கும் உள்ள அத்தனை பாடமும் அவருக்குக் காதால் பாடம். எழுத்துக் கூட்டத் தெரியாத மனிதர் கொசுவால் வரும் காய்ச்சலைப் பற்றி அம்மாவுக்குப் பிரசங்கம் செய்ததைக் கேட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

பாடங்களிலேயே ஊரார் கேலி செய்தது தோட்டவேலையைத்தான். பட்டணத்தில் உட்கார்ந்து யாரோ புண்ணியவான் பாடத்திட்டம் எழுதியிருக்கிறான். குடியானவன் பிள்ளைக்குக் கத்திரிச்செடி நடக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று. "மம்முட்டி புடிக்கறதுக்கு எம் பையன் பள்ளிக்கூடம் போவோணுமா?" என்று பெரியப்பா கேட்டுச் சிரிக்காத நாள் கிடையாது. வாத்தியாரும் கூடச் சிரிப்பார். ஆனால் திட்டத்தில் இருப்பதை அவர் விட மாட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் முள்வேலி கட்டி, பாத்தி பிடித்து, கத்திரியும் வெண்டையும் கீரையும் போட்டிருந்தார். நூல் பிடித்த மாதிரி செடிகள் நிற்கும். செடி பிழைத்ததெல்லாம் எங்கள் வீடுகளில் பார்த்துப் பழகிய கையால்தான், பாடத்தால் அல்ல.

நான் நாலாவது படித்த வருஷம் வாத்தியார் ஒரு சேதி கொண்டுவந்தார். ராசிபுரத்தில் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாராம். அடுத்த பரிசோதனையில் திட்டத்தில் உள்ள பாடம் ஒன்றுவிடாமல் நடந்திருந்தால் ஐந்தாம் வகுப்புக்குச் சிபாரிசு செய்வதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பையன்கள் வேண்டுமானால் ராசிபுரத்துக்கு நடந்து போய்ப் படிக்கலாம். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் யார் அனுப்புவார்கள்? நாலு முடிந்தால் என் கையில் ஆட்டுக்குட்டியின் கயிறு வரும், அதற்கப்புறம் தாலிக்கயிறு வரும். அப்பாவுக்கு மட்டும் அது ஒப்பவில்லை. "நாலோட நிறுத்தறது, பாறை கண்டதும் கெணறு வெட்டறத நிறுத்தற மாதிரி. அதுக்குக் கீழதான் தண்ணியே இருக்கும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷம் மழை பெய்யவில்லை. ஆடியில் பெய்யவில்லை, ஐப்பசியிலும் பெய்யவில்லை. தை பிறந்தபோது கிணற்றின் அடியில் இருந்த பாறை வெளியே தெரிந்தது. முறை நாளில் கொஞ்ச நேரம் கவலை ஓட்டினால் சால் தரையில் இடிக்கும் சத்தம் கேட்கும். அப்புறம் ஊறுவதற்காக மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும். எங்கள் காட்டில் ராகியும் கொஞ்சம் மிளகாயும் நின்றன. ராகி எங்கள் வயிற்றுக்கு, மிளகாய் வரிக்கும் துணிமணிக்கும். பள்ளித் தோட்டத்துக்குப் பிள்ளைகள் ஊர்க்கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துப் போவது நின்றுவிட்டது. குடிக்கவே சண்டை போட்டு எடுத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்ற எந்தத் தாய் விடுவாள்? கத்திரி இலைகள் சுருண்டு தொங்கின.

வாத்தியார் எங்கள் களத்துமேட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார். யாசிக்கவில்லை. ஆனால் அவர் முகம் வெந்து கிடந்தது.

"தோட்டம் போயிட்டா எல்லாம் போச்சுங்க. மத்த பாடத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது. இதுல பூஜ்யம்னு எழுதினா அஞ்சாவது இந்த ஜென்மத்துல வராது."

"எப்பங்க வருவாரு அவரு?"

"மாசி முடியறதுக்குள்ளேங்கறாங்க. நாள் சொல்ல மாட்டாங்க."

அப்பா காட்டைப் பார்த்தார். பிறகு வேலி ஓரம் நின்றிருந்த என்னைப் பார்த்தார். "செடிய நான் பாத்துக்கறனுங்க" என்றார்.

மறுநாளிலிருந்து எங்கள் முறைத் தண்ணீரில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களை ஒரு கழியின் இரு முனையிலும் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு, வண்டித்தடத்தைக் கடந்து அப்பா போவார். ஒவ்வொரு செடியின் அடியிலும் மண்ணைக் குழித்து, தகரத்தைச் சாய்த்து, ஒரு சொட்டு வெளியே போகாமல் ஊற்றுவார். அம்மா முதலில் கத்தினாள். "ஏனுங்க, ராகி பொகையற மாதிரி நிக்குது, உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?" அப்பா தகரத்தை எடுத்துக்கொண்டு போனார். ரெண்டு நாள் கழித்து அம்மாவும் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். புருஷன் பைத்தியமாகிவிட்டால் பெண்டாட்டி வேறு என்ன செய்ய முடியும் என்று போகும் வழியெல்லாம் என்னிடம் புலம்பினாள். ஆனாலும் குடத்தைக் கீழே வைக்கவில்லை.

பங்குக் கிணற்றுக்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கிணற்றுக்கு உரிய நிலத்தை விட்டுத் தண்ணீர் வெளியே போகக் கூடாது. குடிக்க எடுக்கலாம், மாட்டுக்குக் காட்டலாம். வேறு மண்ணில் ஊற்றக் கூடாது. ஊற்றினால், அவனுக்குத் தண்ணீர் மிச்சம் என்று அர்த்தம். மிச்சம் இருக்கிறவனுக்கு முழு முறை எதற்கு? மழைக்காலத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அது பஞ்சத்துக்கென்றே வைத்திருந்த சட்டம். அப்பாவுக்கு அது தெரியாமல் இல்லை. பிள்ளைகள் படிக்கிற இடத்தை வேறு மண் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும் என்று நம்பிவிட்டார். அதுதான் அவர் செய்த பிசகு.

பெரியப்பாவுக்கு வாய் வந்தது. வண்டித்தடத்தின் நடுவில் வழிமறித்து நின்றார்.

"ஏண்டா, உனக்கு முறைத் தண்ணி மீந்து போச்சா?"

"மீந்து போகலீங்கண்ணா. எம் பங்குல இருந்துதான் எடுத்துட்டுப் போறேன்."

"எம் பங்கு உம் பங்குன்னு ஊத்துல கோடு போட்டு வெச்சிருக்குதா? நீ எறைச்சா என் தண்ணியுந்தாண்டா எறங்குது. எங் காடு காயுது, நீ கத்திரிக்காய்க்கு ஊத்தறே."

"புள்ளைங்க படிப்புக்குங்கண்ணா. உங்க பையனுந்தான் அங்க படிக்கறான்."

"அவன் படிச்சுக் கிழிச்சது போதும். தகரத்த எறக்கு."

அப்பா இறக்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்தார். பெரியப்பா ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார். மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் அப்பா நின்றுகொண்டே பதில் சொன்னார். வாத்தியாரும் வந்திருந்தார், அயலூர்க்காரர் கிணற்று விஷயத்தில் பேசக் கூடாது என்று அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் கெட்டவர்கள் இல்லை. கட்டுப்பாட்டை ஒருதரம் தளர்த்தினால் அந்த வறட்சியில் ஊரிலுள்ள எல்லாக் கிணற்றிலும் வெட்டுக்குத்து நடக்கும் என்று பயந்தார்கள். செடிக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டால் பழையபடி முறை, இல்லாவிட்டால் மூன்று நாளில் ஒருநாள்தான் என்று தீர்ப்பாயிற்று.

அப்பா யோசிக்க நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "மூணு நாளுக்கு ஒருநாளே இருக்கட்டுமுங்க" என்றார். கூட்டத்தில் பெண்கள் பக்கம் நின்றிருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.  எனக்காகத்தான் இதெல்லாம் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் அப்பா என்று சொல்ல எனக்கு வயசும் இல்லை, தைரியமும் இல்லை. எனக்கு ஐந்தாம் வகுப்பு வேண்டியும் இருந்தது.

முதலில் மிளகாய் போயிற்று. பூ உதிர்ந்து, இலை உதிர்ந்து, குச்சியாக நின்றது. ராகி கதிர் தள்ளும் நேரத்தில் அப்படியே வெளுத்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை கிடைத்த தண்ணீரையும் அப்பா முதலில் தகரத்தில் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் காட்டுக்கு விட்டார். தீவனம் இல்லாமல் எருதுகளின் விலா எலும்பு தெரிந்தது. ஒருநாள் வாரியில் ஏறும்போது இடப்பக்கத்து எருது முழங்கால் மடித்து உட்கார்ந்துவிட்டது. அப்பா தார்க்குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். அந்த வாரச் சந்தையில் இரண்டையும் விற்றார்கள். வாங்கினவன் உழவுக்கு வாங்கவில்லை என்று ஊருக்கே தெரியும். அதற்கப்புறம் அப்பா கயிற்றில் குடத்தைக் கட்டிக் கையாலேயே இறைத்துத் தகரத்தை நிரப்பினார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு, வியர்த்து வழிந்துகொண்டு, மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். நாங்கள் வாய்ப்பாடு ஒப்பித்தோம். சேலம் ஜில்லாவின் எல்லைகளைச் சொன்னோம். நகத்தைக் காட்டினோம். பிறகு தோட்டத்துக்குப் போனார். ஊரே சாம்பல் நிறத்தில் கிடக்க, அந்த ஒரு இடம் மட்டும் பச்சையாக இருந்தது. கத்திரிக்காய்கள் ஊதா நிறத்தில் பளபளவென்று தொங்கின. குனிந்து, மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

"இந்த வறட்சியிலே தண்ணீர் யார் கொண்டு வருகிறார்கள்?" என்று கேட்டார்.

அப்பா வேலிக்கு வெளியே, தோளில் காய்ப்புக் கண்டிருந்த இடத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றிருந்தார். வாத்தியார் அவரை ஒருகணம் பார்த்தார். பாடத்திட்டப்படி அந்த வேலையைப் பிள்ளைகள்தான் செய்திருக்க வேண்டும்.

"மாணவர்கள்தான் சார்" என்றார் வாத்தியார்.

அப்பா வேலிக்கு வெளியிலிருந்து பலமாகத் தலையை ஆட்டினார். இன்ஸ்பெக்டர் எங்களைத் தட்டிக்கொடுத்தார். போகும்போது ஒரு கூடைக் கத்திரிக்காய் அவர் வண்டியில் ஏறிற்று.

சித்திரையில் உத்தரவு வந்தது. ஐந்தாம் வகுப்புக்கு அனுமதி. அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் ராகிக் குதிர் காலி. எருது இல்லாமல் உழ முடியாது; விதை இல்லை; மூன்று நாளுக்கு ஒருநாள் என்ற தீர்ப்பை மாற்றப் பெரியவர்கள் மறுபடி கூடவும் இல்லை. காட்டைப் பெரியப்பாவுக்கே போக்கியத்துக்கு விட்டுவிட்டுச் சேலத்துக்குக் கிளம்பினோம். சட்டி பானையோடு வண்டித்தடத்தில் போகும்போது வாத்தியார் ஓடிவந்தார்.  அப்பாதான் பேசினார்.

"அஞ்சாவதுல பாப்பா பேர எழுதி வெச்சிருங்க. ஒரு மழை பேஞ்சா வந்துருவோம்."

மழை அந்த ஆடியிலேயே பெய்தது. நாங்கள் போகவில்லை. போக்கியம் மீட்க வழியில்லை. செவ்வாய்ப்பேட்டையில் அப்பா மூட்டை தூக்கினார். அந்தத் தோளுக்குப் பழக்கம்தான். நான் ஒரு தறிக்காரர் வீட்டில் நூல் தார் சுற்றப் போனேன். பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வேலைக்குப் போவேன். இன்றைக்கு நான் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், அது நாலாம் வகுப்பும், பொட்டலம் கட்டி வந்த காகிதங்களும், பின்னாளில் என் மகன் கொண்டுவந்த புத்தகங்களும் சேர்ந்து கொடுத்தது. எங்கள் ஊர்ப் பள்ளியில் இப்போது எட்டாவது வரை இருக்கிறது என்கிறார்கள். வாசலிலேயே குழாய்த் தண்ணீராம். கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கூடவே ஆத்திரமும் வருகிறது.

எனக்குக் கல்யாணமாகி, கைக்குழந்தை இருந்த சமயத்தில் ஊரிலிருந்து பத்திரிகை வந்தது. பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். "நான் வல்லே, நீ போயிட்டு வா சாமி" என்றார் அப்பா. அதற்குள் அவருக்கு முதுகு விழுந்துவிட்டிருந்தது. மூட்டை தூக்க முடியாமல் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன்.

பெரியப்பா மகன் நல்லவன்தான். என்னைவிட ஒரு வயசு மூத்தவன். என்னோடு நாலாவது படித்தவன். எங்கள் பள்ளியின் முதல் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தவன். ராசிபுரத்தில் நெய்க்கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று உண்மையான அக்கறையோடு கேட்டான். இத்தனை வருஷமாக என் நெஞ்சில் கிடந்ததை அவனிடம் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்கண்ணா, அஞ்சாவதுல என்னென்ன பாடம் நடத்துனாங்க?"

அவன் சிரித்தான். "அஞ்சாவதா? அதுல என்ன கண்ணு இருக்குது? வாத்தியாரு ஒருத்தரு, வகுப்பு அஞ்சு. அவரு என்ன பண்ணுவாரு பாவம்! எங்கள நாலாவதோடயே சேத்து உக்கார வெச்சுட்டாரு. புஸ்தகமும் வந்து சேரல. நாலாவதுல படிச்சதையேதான் இன்னொருக்காப் படிச்சோம்."

எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. மொய் எழுதக்கூட நிற்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் குழந்தை அழுதது. நானும் அழுதேன். ஒரு ஜோடி எருதும், காடும், ஒரு மனிதனின் முதுகும் இதற்காகத்தானா போயின?

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அவனப் பாத்தியா சாமி? அஞ்சாவதுல என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டியா?"

"கேட்டனுங்கப்பா. நெறையச் சொல்லிக் குடுத்தாங்களாம்."

அவர் முகம் மலர்ந்தது. அப்படி அது மலர்ந்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "என்னென்ன? சொல்லு, கேக்கறேன்" என்றார்.

பொய் சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் பொய்க்கும் சரக்கு வேண்டுமே. நாலாவதுக்கு மேலே என்ன இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"பின்னக் கணக்கு" என்றேன். "அப்புறம் ஜில்லா பூகோளம். ராஜாக்கள் சரித்திரம். சுகாதாரம்..."

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். குழந்தையின் காலை வருடிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"அதெல்லாம் நீ நாலாவதுலயே படிச்சியே, சாமி" என்றார்.